அகல டயரும் மாமாவின் தேங்காயும்

என் தங்கையின் கழுத்தில் தாலி நேரம் தவறி ஏறியதற்குக் காரணம் என் தாய்மாமன். என் கார் இல்லை, என் டயர் இல்லை, என் தங்கையின் அலங்காரமும் இல்லை. மாமாவும் அவர் ஏற்றிய தேங்காயும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சொந்தத்தில் ஒரு விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் சாப்பாடு வந்துவிடும். அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

அன்றைக்குத் தாமதமாகப் போய் இறங்கியதற்கு மாமா மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு காரணம் சொன்னார். பெண் அலங்காரத்தில் நேரத்தைப் போக்கிவிட்டாள் என்றார். தொண்ணூறுகளில் சொன்ன அந்த ஒரு பொய்யை என் தங்கை இன்றைக்கும் சுமக்கிறாள். நான் இதை எழுதுவது அதற்காகத்தான். காரைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். காரைப் புரிந்துகொள்ளாமல் தேங்காயைப் புரிந்துகொள்ள முடியாது.

அப்போது நான் மலேசியாவில், மலாக்காவை ஒட்டிய பத்து பெரண்டாமில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். வீடு பெம்பான் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயம். அப்பா இல்லை. வீட்டில் அம்மா, நான், தங்கை. ஷிப்டு வேலையில் சேர்த்த காசில் ஒரு பழைய உள்நாட்டுக் கார் வாங்கினேன். அதன் எஞ்சின் மாடு இழுக்கிற மாதிரி இழுக்கும். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஹாஃப் கட் எஞ்சின் வைத்தேன். ஜப்பான்காரன் வேண்டாம் என்று தூக்கிப் போட்ட காரை நடுவில் வெட்டி, முன்பாதியைக் கப்பலில் ஏற்றி இங்கே அனுப்புவார்கள். அதன் எஞ்சினைக் கழற்றி நம் காருக்குள் வைப்பதுதான் ஹாஃப் கட். வைத்ததும் கார் வேறு கார் ஆகிவிட்டது. குட்டை ஸ்பிரிங்கும் கெட்டியான அப்சோர்பரும் போட்டு உடம்பைத் தாழ்த்தினேன். சிவப்புச் சாயமும் அடித்தேன்.

தோட்டத்தில் கார் வைத்திருந்தவர்களே நாலைந்து பேர்தான். அந்த நாலைந்து பேரும் காரைக் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பத்துமலைக்கும் மட்டும் எடுப்பார்கள். மற்ற நாளில் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள், பிணத்தை மூடுகிற மாதிரி. நான் காரை ஓட்டுவதற்கு வைத்திருந்தேன். அதுவே பெரிய ஒழுக்கக்கேடாகப் பார்க்கப்பட்டது. சைலன்சர் சத்தம் கேட்டால் லயத்துப் பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். அதே வீட்டு ஆண்கள் அன்றைக்குச் சாயங்காலம் வந்து, ஜாசின் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்வரலாமா என்று கேட்பார்கள்.

மாமா ஒரு நாள் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய மண்டோர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கியவர். பிறகு புல் வெட்டும் குத்தகை எடுத்தார். தோட்டக் கோயிலுக்குத் தலைவர். கோயிலில் திருவிழா என்றாலும் தோட்டத்தில் குழாய்த் தண்ணீர் நிற்கப்போகிறது என்றாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். ஆள் பருமன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரும்போது இரண்டு நாற்காலியை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுத்தான் உட்காருவார். அப்பா இல்லாத வீட்டில் தாய்மாமன்தான் அரசாங்கம். எதிர்க்கட்சி கிடையாது.

அவர் காரைப் பார்த்துவிட்டு, "காடியா இது, சேத்துல படுத்துக் கெடக்குற எருமையா?" என்றார். குனிந்து பார்க்க முயன்றார், முடியவில்லை. சக்கரத்தைக் காலால் உதைத்தார். பத்துப் பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் என் அம்மாவும் உண்டு.

புது எஞ்சினின் பலத்துக்குப் பழைய ஒல்லி டயர் பத்தவில்லை. காலை அழுத்தினால் டயர் நின்ற இடத்திலேயே சுற்றும். மழையில் வளைவு எடுத்தால் பின்பக்கம் தன் இஷ்டத்துக்குப் போகும். அதனால் அகல டயர் போட்டேன். ஸ்டைலுக்காகப் போட்டான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். ஸ்டைலாகவும் இருந்தது. அது டயரின் குற்றமா?

பத்து பெரண்டாமில் ஒரு சீனர் டயர் கடை. அகல டயர் போடுவது டயரைக் கழற்றி மாட்டுகிற வேலை இல்லை. டயர் அகலமானால் ரிம் அகலமாக வேண்டும். ரிம் அகலமானால் உள்ளே அப்சோர்பரில் இடிக்கும், வெளியே மட்காட்டில் இடிக்கும். கார் தாழ்ந்து இருந்தால் மேலேயும் இடம் இல்லை. நான்கு பக்கமும் சொந்தக்காரர்கள் மாதிரி நெருக்கிக்கொண்டு நிற்கும். கடை முதலாளி, தவுக்கே என்போம், மட்காட்டின் உள்விளிம்பைச் சூடு காட்டி, துணி சுற்றிய கட்டையால் உள்பக்கம் மடித்தார். பிறகு அந்த விளிம்பு முழுக்கக் கரும்பலகையில் எழுதும் சாக்கட்டி தேய்த்தார். ஆள் ஏற்றி மேடுபள்ளத்தில் ஓட்டிவிட்டு வரவேண்டும். டயரில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் தொடுகிறது என்று அர்த்தம். கோடு இல்லையென்றால் நிம்மதி.

என்னோடு வேலை செய்த இரண்டு பேரைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஓட்டினேன். டயர் சுத்தமாக இருந்தது. இன்னொருவரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினேன். பின்டயர் இரண்டிலும் வெள்ளைக் கோடு. தவுக்கே கோட்டைக் காட்டி, பின்னால் மூன்று பேர் ஏற்றாதே, மடித்தாலும் விளிம்பு கத்திதான், டயரை அறுத்துவிடும் என்று மலாயில் சொன்னார். சொல்லிவிட்டு உடனே இன்னும் விலை கூடிய டயர் ஒன்றைக் காட்டினார், அது வேறு கதை.

ஆக, என் காருக்கு ஒரு சட்டம் இருந்தது. பின்னால் இரண்டு பேர், அதுவும் மெலிந்தவர்கள். பின்பெட்டியில் ஸ்பேர் டயரைத் தவிர ஒன்றும் கூடாது. கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் இதைச் சொன்னேன். "ஆள் ஏத்தாத காடி எதுக்குடா காடி?" என்று கேட்டார் மாமா. அதற்கும் பத்துப் பேர் சிரித்தார்கள்.

தங்கைக்கு மாப்பிள்ளை அமைந்தது சுங்கை ரம்பாயில். கல்யாணம் அவர்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில். பெண்ணைக் காரில் அழைத்துப் போக வேண்டும். முதலில் மாமா ஒரு பழைய வெள்ளைக் காரைப் பேசி வைத்திருந்தார். அப்புறம் மாப்பிள்ளை ஏதோ பெரிய வெளிநாட்டுக் காரில் வரப்போகிறார் என்று செய்தி வந்தது. அன்றைக்கே மாமாவுக்கு ஞானம் பிறந்தது. வீட்டுக்கு வந்து, எருமை என்று சொன்ன அதே காரைத் தடவிப் பார்த்தார். "செவப்புக் காடி, மங்களகரமா இருக்கு. டயரப் பாரு, எவ்ளோ பெருசு. அவன் வீட்டுல பாத்து வாயப் பொளக்கணும்" என்றார்.

அம்மா, தங்கை எல்லோரும் இருக்கும்போதே நான் சட்டத்தைச் சொன்னேன். தங்கையும் தோழிப்பெண்ணும் மட்டும் பின்னால். மற்ற எல்லாம் வேனில். மாமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். மேடையில் யாராவது நீளமாகப் பேசும்போது அவர் தலையாட்டுவாரே, அந்த ஆட்டம். நான்தான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று காலையில் தங்கை சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே தயாராகி நின்றாள். இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். பூ வைத்து, நகை போட்டு, பட்டுச் சேலை கசங்கும் என்று உட்காராமல் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தாள். தாமதம் வீட்டுக்குள் இல்லை.

வெளியே போய்ப் பார்த்தால் என் காரின் பின்பெட்டி திறந்து கிடக்கிறது. மாமா தேங்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார். தாம்பூலப் பையில் விருந்தாளிகளுக்குப் போடும் தேங்காய். அது தன் செலவு என்று பரிசம் போட்ட அன்றைக்கே அறிவித்திருந்தார், மைக்கில்தான். ஏற்றிய மூட்டைகள் போதாதென்று இடுக்குகளில் ஒவ்வொரு தேங்காயாகச் செருகிக்கொண்டிருந்தார். கார் ஏற்கெனவே பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. பின்னால் சொந்தக்காரர்கள் போகும் வேன் நிற்கிறது, அதில் இடம் தாராளமாக இருக்கிறது.

வேனில் ஏற்றலாமே என்றேன். அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. "வேன்ல போனா பொம்பளைங்க எறக்கிக்கிட்டு உள்ள போயிருவாளுங்க. யாரு கொண்டாந்த தேங்கான்னு எவனுக்குத் தெரியும்? காடியத் தொறந்து மாமன் எறக்கணும். வீடியோக்காரன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

விஷயம் அவ்வளவுதான். தேங்காய்க்கு வீடியோ வேண்டும்.

அது போதாது என்று அவரும் அத்தையும் பின்சீட்டில் ஏறினார்கள். தங்கை நடுவில். தோழிப்பெண் வேனுக்குப் போய்விட்டாள். தாய்மாமன் பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்து அழைத்துப் போக வேண்டும், முறை. சரி, முன்சீட்டிலாவது உட்காருங்கள், பாரம் முன்னால் வரும் என்று கெஞ்சினேன். முன்சீட்டில் குத்துவிளக்கு வைக்க வேண்டும் என்றார். விளக்கு முன்னால் போக வேண்டும், பெண் பின்னால் வரவேண்டும், அதுவும் முறை. விளக்கைப் படுக்க வைக்கக் கூடாது. ஆகவே குத்துவிளக்கு என் பக்கத்துச் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தது. அதற்கு சீட் பெல்ட்டும் போட்டுவிட்டார்கள். அந்தக் காரில் என் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஒரே ஆள் அந்த விளக்குதான். பேசாமல், ஆடாமல், மெலிந்து இருந்தது.

தோட்டத்து வாசலில் வேகத்தைக் குறைக்கப் போட்ட மேடு ஒன்று உண்டு. சைக்கிளை விட மெதுவாக ஏறினேன். காரின் அடிவயிறு தேய்ந்தது. இறங்கும்போது பின்னால் இரண்டு பக்கமும் சர்ரென்று ஒரு சத்தம். டயர் மட்காட்டைத் தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு சாலையில் சின்னப் பள்ளம் வந்தாலும் அந்தச் சத்தம் வந்தது. ஜாசின் வருவதற்குள் காருக்குள் மல்லிகைப்பூ வாசமும் ரப்பர் கருகும் வாசமும் கலந்து அடித்தது.

ஜாசினில் ஓரமாக நிறுத்தினேன். வேனும் பின்னால் நின்றது. தேங்காயை மாற்றிவிடலாம், இரண்டு நிமிட வேலை என்றேன். நல்ல காரியத்துக்குப் புறப்பட்டபின் நடுவழியில் சாமான் இறக்குவது சகுனம் இல்லை என்றார் மாமா. அப்போதுதான் தங்கை வாயைத் திறந்தாள்.

"மாமா, அண்ணன் சொல்றது சரிதான். தேங்காய வேன்ல போட்டுருங்க மாமா."

"கல்யாணப் பொண்ணு வாயத் தொறந்து பேசக் கூடாது லா" என்றார் மாமா. அத்தை அவள் நெற்றிச்சுட்டியைச் சரிசெய்கிற மாதிரி அவளைத் திருப்பி உட்கார வைத்தாள். கார் புறப்பட்டது.

மெர்லிமாவுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில் இடது பின்டயர் அறுந்தது. இடது பின்பக்கம் யார் உட்கார்ந்திருந்தார் என்று கேட்கத் தேவையில்லை. பெரிய சத்தம்கூட இல்லை. நீளமான ஒரு பெருமூச்சு, பிறகு ரிம் சாலையில் உரசும் சத்தம். இரண்டு பக்கமும் செம்பனை. நிழலில் ஒரு மலாய்க்காரர் வாழைப்பழப் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தார்.

ஸ்பேர் டயர் எங்கே இருக்கிறது? பின்பெட்டியின் அடியில். அதன் மேல் என்ன இருக்கிறது? தேங்காய். நடுவழியில் சாமான் இறக்குவது சகுனம் இல்லை என்று சொன்னவர் கண் முன்னாலேயே எல்லாத் தேங்காயும் புல்லில் இறங்கியது. சிலது உருண்டு வாய்க்காலுக்குள் போனது. ஜாக்கை எடுத்தேன். தாழ்ந்த கார், பஞ்சரான டயர், ஜாக் அடியில் போகவில்லை. வேனில் வந்த ஆண்கள் எல்லோரும், பலகாரக்காரரும் சேர்ந்து காரைக் கையால் தூக்கினார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பத்திரிகை வைத்து அழைத்த சொந்தக்காரர்கள், காரைத் தூக்கிப் பிடித்தார்கள். நான் கட்டை செருகினேன். இது கல்யாணமா, ரேசா என்று பலகாரக்காரர் மலாயில் கேட்டார். மாமா மட்டும் தூக்கவில்லை. செம்பனை நிழலில் நின்று, யார் எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார். பழைய மண்டோர் அல்லவா.

தங்கை சாலையோரம் நின்றாள். கழுத்தில் மாலை, காலில் செம்மண். அம்மா அவள் சேலையின் கீழ்ப்பகுதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தங்கை வேனில் ஏறி முன்னால் போகட்டும் என்றேன். பெண் வேனிலா போய் இறங்குவாள் என்றார் மாமா. அவர் சொன்னால் சொன்னதுதான், யாரும் அசையவில்லை.

ஸ்பேர் டயர் காரோடு வந்த பழைய ஒல்லி டயர். மாட்டியதும் கார் ஒரு பக்கம் சாய்ந்து, முழங்கால் வலிக்காரர் மாதிரி நின்றது. ஒல்லி டயர் அந்தப் பக்கம் மட்காட்டைத் தொடவில்லை. மாமா அதைக் கவனித்தார். "பாத்தியா, சின்ன டயருதான் சொகமாப் போவுது. நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். என்றைக்குச் சொன்னார் என்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை. கிரீஸ் கையோடு நான் ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்குள், நம்புங்கள், தேங்காய் மறுபடியும் என் பின்பெட்டியில் ஏறிவிட்டது. வேன் பாதி காலியாக எங்கள் பின்னால் வந்தது.

சுங்கை ரம்பாய் மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அம்மா நின்றுகொண்டிருந்தார். ஆரத்தித் தட்டு அவர் கையில் இல்லை, பக்கத்தில் இருந்தவர் கையில் இருந்தது. அதிலேயே தெரிந்தது. முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று ஐயர் வாசலுக்கு ஆள் மேல் ஆள் அனுப்பியிருக்கிறார். மாமா முதலில் இறங்கினார்.

"என்னாண்ணே, இவ்ளோ நேரம்?" என்று அந்த அம்மா கேட்டார்.

டயர் போச்சு என்று சொல்லியிருந்தால் அவ்வளவுதான். ஆனால் டயர் போச்சு என்றால் ஏன் போச்சு என்று கேட்பார்கள். கேட்டால் தேங்காய் வரும். மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்: "பொம்பளப் புள்ளைங்களப் பத்தித் தெரியாதா சம்பந்தி. அலங்காரம் முடிஞ்சாத்தானே. இன்னும் ரெண்டு மொழம் பூ வெக்கணும்னு நின்னுக்கிச்சு."

தங்கை காரில் இருந்து ஒரு காலைக் கீழே வைத்திருந்தாள். அவள் காதில் அது விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அம்மா வேனிலிருந்து ஓடி வந்து என் கையைக் கிள்ளினார். "கல்யாணம் முடியட்டும்யா" என்றார். மேளம் கொட்டிவிட்டது. தங்கை உள்ளே போனாள். மாமா போகவில்லை. வீடியோக்காரரை அழைத்துக்கொண்டு காரின் பின்பக்கம் போனார். தாலி ஏறும்போது நேரம் தாண்டிவிட்டது. ஐயர் வாட்சைப் பார்க்காத மாதிரி பார்த்ததை நான் பார்த்தேன்.

அந்தக் கல்யாண வீடியோவில் மாமா தேங்காய் இறக்கும் காட்சி நீளமாக வரும். பின்னால் பாட்டுப் போட்டிருப்பார்கள். படத்தின் ஓரத்தில் என் காரின் ஒல்லி டயர் ஒரு நொடி தெரியும். எல்லோரும் தேங்காயைத்தான் பார்ப்பார்கள்.

தங்கைக்குக் குழந்தை பிறக்கத் தாமதமானது. நேரம் தவறிக் கட்டிய தாலி என்றார் மாமியார். அவள் கணவருக்கு வேலை போனது. அதற்கும் தாலி. வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் அலங்காரம் பண்ணின கை என்று பேச்சு வரும். தங்கை நடந்ததைச் சொல்லாமல் இல்லை. கணவரிடம் சொன்னாள், அவர் நம்பினார், சிரித்தார், விட்டுவிட்டார். மாமியாரிடமும் சொன்னாள். "உன் சொந்த மாமனே சொன்னாரு, நீ இல்லங்கற" என்றார் அந்த அம்மா. நான் போய்ச் சொன்னபோதும், அண்ணன் தங்கச்சிக்காகத்தானே பேசுவான் என்றார். அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? பெண் வீட்டுப் பெரிய மனிதன் தன் வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பொய்யாகவா குறை சொல்வான் என்று அவர் நினைத்தார். எங்கள் பெரிய மனிதரை அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு என் தங்கை எந்த விசேஷத்துக்கும் முதல் ஆளாகப் போய் உட்காருகிறாள். மண்டபத்தில் நாற்காலி போடுகிறவர்கள் வருவதற்கு முன்னால் அவள் இருப்பாள். தலையில் பூ இருக்காது. ஏன் பூ வைக்கவில்லை என்று யாராவது கேட்டால் தலை வலிக்கும் என்பாள். அவளுக்குத் தலைவலி கிடையாது.

வேனில் வந்த எல்லோருக்கும் உண்மை தெரியும். காரைத் தூக்கிய கைகள் அவை. சம்பந்தி வீட்டாரிடம் ஒருவர் வாய் திறந்ததில்லை. கோயிலில் மாலை மரியாதை யாருக்கு என்று முடிவு செய்பவர் மாமா. காரைத் தூக்குவது சுலபம், மாமாவைப் பகைப்பது கஷ்டம். தங்களுக்குள் பேசும்போது அந்தக் கதை என் டயரோடு முடிந்துவிடும். அகல டயர் போட்டுத் தங்கச்சி கல்யாணத்தைக் கெடுத்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அது எனக்கு வலிக்கவில்லை. அதே அளவில் வேறு ஜோடி டயர் வாங்கிப் போட்டு, பின்னால் இரண்டு பேரோடு, அந்தக் கார் விற்கும் வரை ஓட்டினேன். ஒரு நாளும் சாக்கட்டிக் கோடு விழவில்லை.

ஒரு முறை மாமாவிடம் நேரில் கேட்டேன். தங்கையின் மாமியாரிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன். "இன்னுமாடா அத மனசுல வெச்சிருக்கீங்க? தேங்கா நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்களா இல்லையா?" என்று கேட்டார். தேங்காய் நன்றாகத்தான் இருந்தது. மறுக்கவில்லை.

மாமா, இப்போது உங்களிடம் பேசுகிறேன். உங்கள் பேத்தியின் கல்யாணம் மலாக்காவில் பெரிய மண்டபத்தில் நடக்கப்போகிறது. பத்திரிகை வந்தது. வரவேற்புரை நீங்கள்தான் என்று போட்டிருக்கிறது. என் தங்கையின் மாமியாரையும் அழைத்திருக்கிறீர்கள். நடக்க முடியாவிட்டாலும் வருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். வேனில் வந்தவர்களில் மிச்சம் இருப்பவர்களும் வருவார்கள். தங்கையும் வருவாள், எல்லோருக்கும் முன்னால், பூ இல்லாமல்.

அன்றைக்குக் கையில் மைக் இருக்கும்போது பதில் சொல்லுங்கள். வேன் பாதி காலியாக இருக்கையில் தேங்காயை என் காரில் ஏற்றியது யார்? ஜாசினில் இறக்க மாட்டேன் என்றது யார்? அன்றைக்குக் காலையில் என் தங்கை நேரத்தோடு தயாராகி நின்றாளா இல்லையா? சாப்பாடு போடுவதற்கு முன்னால் சொல்லுங்கள். அந்த அம்மா காதில் விழுகிற மாதிரி, மைக்கில், சத்தமாகச் சொல்லுங்கள்.